என் ரத்தத்தில் ஓடிய ஐந்து கணக்குகள்

போன மாதம் மன்னார்புரத்தில் ஒரு மாடி ஆபீசுக்குப் போய், பத்து விரல் ரேகைகளையும் ஒரு கண்ணாடியின் மேல் அழுத்திக் காட்டி, என் பிறவி அறிவு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வந்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இது தெரிந்து என்ன செய்யப் போகிறேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. வழவழப்பான தாளில் அறிக்கை தந்தார்கள். கணிதத் திறன், பரம்பரையாக வந்தது, மிக உயர்வு. விருந்தாளி இரண்டு பேர் அதிகம் வந்தால் எத்தனை டம்ளர் அரிசி என்று மனைவியைக் கேட்கிறவன் நான். இருந்தும் அரை நிமிஷம் மகிழ்ந்துவிட்டேன். அந்த அரை நிமிஷத்துக்குக் காரணம் என் பெரியப்பா.

பெரியப்பா ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். பத்தாவது முடித்தவர்களில் யார் ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்ந்து கணக்கும் சயின்ஸும் படிக்கலாம், யார் வேறு குரூப்புக்குப் போக வேண்டும் என்பதில் அங்கே அவர் சொல்தான் தீர்ப்பு. கணக்கு எங்கள் வம்சத்துக்கு ரத்தத்திலேயே ஓடுகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. நிரூபணம் நான். அப்போது நாலாம் வகுப்பு. எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி ஐந்து பெருக்கல் கேட்பார். பதினேழு பத்தொன்பது என்றதும் முன்னூத்தி இருபத்திமூணு என்பேன். வந்தவர்கள் காபியைக் கீழே வைத்துவிட்டு வியப்பார்கள். எப்போதும் அதே ஐந்து, அதே வரிசை. வியப்பவர்கள் மட்டும்தான் புதிது. இதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. சுலோகம் ஒப்பிப்பதை யாராவது ஏமாற்று என்பார்களா?

ஒரு கோடை விடுமுறையில் திருவானைக்காவலிலிருந்து ஓர் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். அந்தப் பெண் பத்தாவதில் கணக்கில் பள்ளிக்கே முதல். ஆனாலும் ஃபர்ஸ்ட் குரூப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"பாப்பா ராவும் பகலும் படிச்சுதுங்க சார். இஞ்சினீயருக்குத்தான் படிப்பேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார் அந்த அம்மா.

"அப்பா என்ன பண்றார்?"

"லாரி ஓட்டறாருங்க."

"தாத்தா?"

"அவரும் வண்டிதாங்க. மாட்டு வண்டி."

விடை சரியாக வந்த திருப்தியில் பெரியப்பா தலையாட்டினார். "தப்பா எடுத்துக்காதீங்கோ. கொழந்தை கெட்டிக்காரிதான், இல்லேங்கல. ஆனா இது ஒழைச்சு வாங்கின மார்க்கு. ஃபர்ஸ்ட் குரூப்புக்கு அது போறாது, ரத்தத்துல வரணும். இப்பப் பாருங்கோ" என்று என்னைக் கூப்பிட்டார்.

வந்தேன். ஐந்தையும் பொழிந்தேன். அந்த அம்மாவின் முகம் தொங்கிப்போனது. அதையும் வியப்பு என்றே எண்ணிக்கொண்டேன்.

அந்தப் பெண் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். "சார், தம்பிய நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள். பெரியப்பா பெருந்தன்மையாகக் கையசைத்தார்.

"பதினஞ்சு ஏழு எவ்வளவு தம்பி?"

இப்படி ஒரு கணக்கை அந்த வீட்டில் யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆனாலும் நான் தயங்கவில்லை. "முன்னூத்தி இருபத்திமூணு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பெரியப்பாதான் சிரித்தார். "பாத்தேளா, இவன் மனசு எங்கேயோ முன்னாடி போயிண்டிருக்கு. பெரிய மூளைக்கெல்லாம் இதுதான் லட்சணம்."

இன்றைக்கும் என் வயிறு எரிகிற இடம் இது. நான் தப்பாகச் சொன்னால் பெரிய மூளை. அவள் சரியாகப் போட்டால் வெறும் உழைப்பு. எந்த விடை வந்தாலும் தீர்ப்பு மாறாது என்றால் பரீட்சை எதற்கு? பெரியப்பா ரத்தம் என்றார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்போது மரபணு என்கிறார்கள், மூளையின் படம் போட்டு அம்புக்குறி வைத்து அனுப்புகிறார்கள். வார்த்தைக்குப் பட்டம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். வீட்டிலேயே ஒரு கணக்கு வாத்தியார், படிக்கத் தனி அறை, ஒரு வேலையும் ஏவாத பெரியவர்கள் – இதெல்லாமும் ரத்தத்தில்தான் ஓடியது போலிருக்கிறது.

அவளுக்கு ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்கவில்லை. பிறகு என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. எங்கேயோ பெரிய இஞ்சினீயராக இருக்கிறாள் என்று எழுதி முடித்தால் படிக்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். அப்படியே ஆகியிருந்தாலும், அன்று கொடுக்காததைக் கொடுத்ததாக ஆகிவிடாது.

அவர்கள் வாசலைத் தாண்டியதும் பெரியப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். கூடத்தில் மிச்சமிருந்த காபி டம்ளர்களை எடுக்கப் பெரியம்மா வந்தாள். அவள் சொன்னதைக் கேட்டு, பாவம், இவளுக்கும் ஒரு சபாஷ் வேண்டியிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

"உள்ளே நின்னுண்டு கேட்டுக் கேட்டு எனக்கும்தான் அந்த அஞ்சுக்கும் விடை தெரியும். நான் மன்னார்குடியிலேர்ந்து வந்தவ. உங்க ரத்தம் எனக்கு எப்போ ஏறித்து?"