முத்துச்சிப்பிக் குஞ்சு

அக்காவின் கணவர் தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர். சிப்பி ஒட்டி வளரும் கடலடிப் பாறைகளை நாங்கள் பார் என்போம். அறுபதுகளின் தொடக்கத்தில் பார்கள் வெறுமையாகிக் குளிப்பு நின்றதும், அத்தான் அக்காவையும் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு பம்பாய் வந்தார். தாராவியில் ஒரு தோல் கொட்டகையில் ஈரத்தோல் சுமக்கிற வேலை. நான் அப்போது செம்பூரில் தங்கி, ஒரு மீன்வள ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவந்தேன்.

அவர்கள் இன்னொரு குடும்பத்தின் பரணில் இருந்தார்கள். தனியாக ஒரு கோலி, அதாவது வாடகைக்கு ஓர் ஒற்றை அறை, பிடிக்கலாமா என்று ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் அக்கா கேட்பாள். “பார்ல சிப்பி விழுந்துட்டா கெளம்பணும்லா, கோலி எதுக்கு?” என்பார் அத்தான். மகளைப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கவில்லை.

தெற்குக் கடலில் நுண்வலை இழுத்துப் பிடித்த சிப்பிக் குஞ்சுகள் குப்பிகளில் எங்கள் கூடத்துக்கு வந்திருப்பதை அத்தானிடம் சொன்னேன். பார்க்க வேண்டும் என்றார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அழைத்துப்போனேன். சலவைச் சட்டைதான் போட்டிருந்தார். ஆனாலும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

“இதா சிப்பி?”

“சிப்பிக் குஞ்சு அத்தான். முத்துச்சிப்பியா வேற சிப்பியான்னு இந்த வயசுல அடிச்சுச் சொல்ல முடியாது.”

“உசுரோட இருக்கா?”

“இல்ல. மருந்துல போட்டது.”

“நம்ம பார்ல பொறந்தது நம்ம பார்லயே தங்காதா மாப்ள?”

தெரிந்ததைச் சொன்னேன். குஞ்சு சில வாரம் தண்ணீரில் மிதக்கும். நீரோட்டம் இழுத்த பக்கம் போகும். பாறை கிடைத்தால் ஒட்டிப் பிழைக்கும், மணலில் விழுந்தால் சாகும். காலியான பார் நிறைய வேண்டுமானால் வேறு பாரிலிருந்து, ஒருவேளை இலங்கைப் பக்கத்திலிருந்து, குஞ்சு வந்து விழ வேண்டும்.

“அங்கயும் சிப்பி இல்லன்னா?”

“வராது அத்தான்.”

“இருந்தும் ஓட்டம் வேற பக்கம் இழுத்துட்டுன்னா?”

“அப்பவும் வராது.”

அவர் மைக்ராஸ்கோப்பை விட்டு விலகினார். திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

மறுவாரம் அவரே அக்காவிடம் கோலி பார்க்கச் சொன்னார். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பரண் ஏணியில் உட்கார்ந்து, “அப்போ இனி ஊருக்குப் போக மாட்டோமா?” என்று என்னிடம் கேட்டாள்.

கிடைத்த கோலி சாக்கடை ஓரம். மழையில் உள்ளே தண்ணீர் வரும். மகள் பள்ளிக்கூடம் போனாள். தமிழும் ஹிந்தியும் கலந்து பேசினாள். அத்தான் கொட்டகையிலிருந்து வந்ததும் படுத்துவிடுவார். கடலைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் என்னிடம், “அப்பா கடலுக்குள்ள முங்கி சிப்பி எடுப்பாங்கன்னு அம்மா சொல்றா. சச்சி? நெசமாவா மாமா?” என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பாயிலிருந்து அத்தானின் குரல் வந்தது.

“அதெல்லாம் வேற ஆளுக.”