வரப்பை மதிக்காத கோடு

சோதனைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. அடுத்த கட்டடத்தில் உலை பார்க்கும் அவள் கணவனுக்குப் பெயர் நெருப்புக்கோழி. அவன் சுட்டு அனுப்பும் இரும்பில் இவள் குறை கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் சம்பளம் வேறு தருகிறார்களே என்று அவள் சிரிப்பாள்.

இரும்புத் துண்டைச் சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி வழவழப்பான தாள்வரை மாற்றி மாற்றித் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கி, ஒரு சொட்டு அமிலம் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரும்பின் நுண்மணிகள் வயல்வயலாகத் தெரியும், நடுவே வரப்புகள். அந்தக் காட்சி அவளுக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

அன்று காலை கணவனின் உலையிலிருந்து வந்த பல்சக்கரத் துண்டில் கறுப்பாக ஒரு கோடு. விரிசல் என்று பிரிவுத் தலைவரிடம் சொல்லியும் விட்டாள். விரிசல் என்றால் மொத்தச் சரக்கும் குப்பைக்குப் போகும்; உலைப் பொறுப்பும் கணவன் கையைவிட்டுப் போகும்.

மதியச் சாப்பாட்டில் அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"கட்டின புருஷன்னுகூடப் பாக்காம போட்டுக் குடுத்துட்டியே!"

"என்னை ஏன் முறைக்கிறீங்க? மைக்ராஸ்கோப்பைப் போய்க் கேளுங்க."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் மறுபடி பார்த்தாள்.

விரிசல் என்றால் வரப்போரமாக வளைந்து வளைந்து போகும். இதுவோ வயல், வரப்பு எதையும் மதிக்காமல் குறுக்கே நேராக ஓடியது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வொரு தாள் மாற்றும்போதும் துண்டைத் திருப்பிப் பிடித்துத் தேய்த்தால்தான் முந்தைய தாளின் கீறல் அழியும். காலையில் கை தேய்த்துக்கொண்டிருக்க, காது போனில் தங்கையின் மாமியார் கதையில் இருந்தது. துண்டைத் திருப்பவே இல்லை!

திருப்பித் தேய்த்தாள். கோடு போன இடம் தெரியவில்லை. குதிக்காத குறையாகத் தலைவரையும் கணவனையும் கூப்பிட்டாள்.

"விரிசல் இல்ல சார். நான் ஒழுங்காத் தேய்க்காம விட்ட கீறல். தப்பு என்னுது."

கணவன் நெஞ்சை நிமிர்த்தினான். "என் உலையில குறை சொல்ல முடியுமா சார்?"

தலைவர் கிளம்பத் திரும்பினார். கோட்டையே முறைத்துக்கொண்டிருந்ததில் காலையில் கவனிக்காத ஒன்றை அவள் இப்போது பார்த்திருந்தாள். சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மனசு கேட்கவில்லை.

"இருங்க சார். மணியெல்லாம் பெருத்துப் போயிருக்கு. உலையில ரொம்ப நேரம் கிடந்திருக்கு. பக்குவமா இன்னொரு தடவை சூடு பண்ணி எடுத்தா சரியாயிடும்."

நிமிர்ந்த நெஞ்சு அடங்கியது. கணவன் தலையைச் சொறிந்தான்.

"நேத்து போன் பேசிட்டே விட்டுட்டேன் சார்."

"யாரோட?"

"இவ தங்கச்சி புருஷனோட. அவங்கம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் வீட்டுல சண்டையாம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு பீறிட்டது. "காலையில என் காதும் போன்ல அதே சண்டையிலதான் சார் இருந்துச்சு." தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உலை உன்கிட்டயே இருக்கட்டும். அந்த மாமியாரும் மருமகளும் சமாதானம் ஆகுற வரைக்கும் ரெண்டு பேரு போனும் என் மேசையில இருக்கட்டும்."