சோப்புச் சீவல்

அமரவிளை மெயின் ரோட்டிலிருந்து சரிவில் இறங்கினால் பிரேமகுமாரியின் வீடு. அம்மா போய்ச் சேர்ந்தாள். மஸ்கட்டுக்குப் போன தம்பி அங்கேயே தங்கிவிட்டான். பிரீ டிகிரியில் கெமிஸ்ட்ரி படித்த பிரேமா, தொண்ணூற்றாறில் வீட்டிலேயே சோப்பு செய்து விற்கத் தொடங்கினாள். தேங்காய் எண்ணெயில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றிக் கலக்கி, அச்சில் இறுகவிட்டு, கட்டியாக வெட்டுவாள்.

ஓரத்தை நேராக்கச் சீவும்போது வேண்டுமென்றே தடிமனாகச் சீவுவாள். ஒரு கிலோ எண்ணெய்க்கு, காய்ந்தபின், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே சோப்பு கிடைக்கணும். அவளுடைய கட்டிகள் முக்கால் கிலோவில் நின்றுவிடும். காலேஜ் கணக்கில் சொன்னால் விளைச்சல் நூற்றுக்கு எழுபது. மிச்சமெல்லாம் முறத்தில் சீவலாகக் கிடக்கும். பாத்திரம் தேய்க்க அதைச் சும்மா வாங்கிப்போக சாயங்காலம் பெண்கள் வருவார்கள். வந்தவர்கள் படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அந்த வீட்டில் மனுசச் சத்தம் கேட்பது அப்போது மட்டும்தான்.

ஆடி மழையில் ஒருநாள் அடுத்த வீட்டு விலாசினி சொன்னாள்: "எட்டி பிரேமா, உனக்க சோப்பு பப்படமாக்கும். வெள்ளத்தக் கண்டா காணாமப் போவுது!"

தண்ணீர் பட்டதும் சோப்பு கரைந்துபோகிறதாம். எல்லாரும் சிரித்தார்கள். பிரேமாவும் சிரித்தாள். ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. சோப்பு பிடிக்காமல் போனால் இந்தப் படியில் யார் வந்து உட்காருவார்?

அடுத்த தடவை காஸ்டிக்கை ஒரு கரண்டி கூடப் போட்டாள். சோப்பு கல்லு மாதிரி இறுகியது. சந்தோசமாகக் கொடுத்தனுப்பினாள்.

சில நாளில் விலாசினி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தோல் உரிந்திருந்தது.

"இது சோப்பா, ஆசிட்டா? கொச்சுப் பிள்ளைக்க துணியத் துவைச்சேன், அதுக்க தொடையெல்லாம் செவந்து கெடக்கு. நீ படிச்சவளாக்கும்!"

கட்டியைப் படியில் வீசிவிட்டுப் போனாள். மற்றவர்களும் வாங்கிய கட்டிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு ஒருத்தரும் வரவில்லை.

பிரேமா அந்தக் கட்டியை நனைத்து நாக்கு நுனியில் தொட்டாள். சுரீரென்றது. பரீட்சையில் முழு மார்க்கு வாங்கிய கணக்குதான். ரெண்டு பொருள் சேர்ந்தால், எது முதலில் தீருதோ அதோடு வேலை நின்றுபோகும். மற்றது அப்படியே மிஞ்சும். எண்ணெய் தீர்ந்துவிட்டது. அவள் கூடுதலாகப் போட்டது சோப்பாகாமல் கட்டிக்குள் இருந்தே விலாசினியின் கையைத் தின்றிருக்கிறது.

அதே கரண்டியால் காஸ்டிக்கை அள்ளி நிறுத்தாள்: முப்பத்திநாலு கிராம். ஒரு கிலோ எண்ணெய்க்கு நூற்றெழுபது கிராம் காஸ்டிக் என்றால், இதற்கு இன்னும் இருநூறு கிராம் எண்ணெய் வேணும். திரும்பி வந்த கட்டிகளைத் துருவி, தண்ணீர் விட்டு உருக்கி, எண்ணெய் சேர்த்துக் கை ஓயும்வரை கிண்டினாள். இறுகிக் காய்ந்தபின் நாக்கில் வைத்தாள். சுடவில்லை.

விலாசினியின் கிணற்றடியில் போய் அவள் பார்க்கவே அந்தச் சோப்பால் முகம் கழுவிக் காட்டினாள்.

"சரி, வச்சிட்டுப் போ மக்கா," என்றாள் விலாசினி, பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

முக்குக் கடைத் தாணுவிடம் கொஞ்சம் கட்டி கொடுத்தாள். கடையில் இருந்தால் ஜனம் நம்பும் என்றிருந்தது. நம்பியது.

"கொள்ளாம் பிள்ளே, எல்லாம் தீந்தாச்சு. விலாசினியும் ரெண்டு வாங்கினா. ஓரத்த மட்டும் இப்பிடிச் சீவிக் களையாதே," என்றான் தாணு.

ஏசிப் போன வாயோடு பிரேமாவின் படியேற அந்தப் பெண்களுக்குக் கூச்சம். கடை சௌகரியமாக இருந்தது. முறத்துச் சீவல் வாங்க ஆளில்லாமல் காய்ந்து சுருண்டது. அடுத்த தடவை மெல்லிசாகச் சீவினாள். விளைச்சல் தொண்ணூற்றைந்து. காலேஜ் லேபில்கூட வராத எண். யாரிடம் சொல்ல?

ஒரு சாயங்காலம் கதவைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போனாள். பெண்கள் கூடி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வேணும்?" என்றான் தாணு.

"ஒரு சோப்பு." தன்னுடைய கட்டியையே காட்டி நோட்டை நீட்டினாள்.

"எட்டி கிறுக்கி, உனக்க சோப்ப நீயே வாங்குதியா?" என்று விலாசினி வெடித்துச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள்.

தாணு பெட்டிக்குள் சில்லறை தேடினான்.

"மெல்லத் தேடுங்க அண்ணே," என்றாள் பிரேமா. "எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."