சுண்ணாம்புக் குழி மண்

அவனுக்கு வட்டம் விழுந்தது, எனக்கு விழவில்லை. என் வயிற்றெரிச்சல் அன்றைக்கு ஆரம்பித்தது.

அறுபதுகளின் கடைசியில், பம்பாய்ச் செம்பூரில் நாங்கள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் ஒரே பேச்சு, சோப்புத்தூளில் போடும் என்சைம். ரத்தக்கறை, முட்டைக்கறையை எல்லாம் அது கரைக்க வேண்டும். சாதாரண பாக்டீரியாவின் என்சைம் சலவைச் சோடாத் தண்ணீரில் தாங்காது. காரத்திலேயே கொழிக்கிற பாக்டீரியாவைத் தேடிப் பிடிக்க வேண்டும். யாருடையது தேறுகிறதோ அது அம்பர்நாத் ஆலையின் பெரிய தொட்டிக்குப் போகும், பிடித்தவரும் பொறுப்பாளராக அதோடு போவார் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த வேலை எனக்கு வேண்டும். எனக்கு மட்டும்தான் வேண்டும்.

மாட்டுங்கா ஆசாமி நான், தோபிகள் துவைக்கும் இடமாகப் பார்த்துச் சுத்தபத்தமாக மண் அள்ளினேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்த திருநெல்வேலிக்காரன், தாராவியில் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோல் கிடங்கில், தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியோரம் அள்ளினான். பால் கலந்த தட்டில் இரண்டையும் வளர்த்தோம். பாக்டீரியாவின் என்சைம் பாலைத் தின்றால் சுற்றிலும் வெள்ளை போய்க் கண்ணாடியாகத் தெளியும். அவன் தட்டில் அப்படி ஒரு வட்டம். என் தட்டு வெளுப்பாகவே கிடந்தது.

"உமக்கும் விழும் வே, அவசரப்படாதீரும்" என்றான். அந்த ஆறுதலுக்காகவே அவனை அறையலாம் போலிருந்தது. குழிக்குப் பக்கத்தில் குடியிருப்பது ஒரு திறமையா?

சனிக்கிழமை நானும் அதே கிடங்குக்குப் போனேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, வேறொரு குழியோரம் ஒரு பாட்டில் நிறைய அள்ளினேன். ஆய்வுக்கூடம் பூட்டியிருந்ததால் வீட்டுக்குக் கொண்டுபோய் பால்கனி மூலையில் மறைத்து வைத்தேன். மாதிரி கொடுக்கத் திங்கட்கிழமைதான் கடைசி நாள்.

திங்கட்கிழமை காலையில் பாட்டில் பளபளவென்று கவிழ்த்து வைத்திருந்தது. பால்கனியும் கழுவியிருந்தது.

"தோல் கிடங்கு மண்ணையாடா ஆத்துக்குள்ள கொண்டுவந்தே? நாத்தம் குடலைப் பிடுங்கறது. சாக்கடையில கொட்டி, பாட்டிலைப் புளி போட்டுத் தேய்ச்சேன்" என்றாள் அம்மா. பெருமையாகவே சொன்னாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

அம்பர்நாத்துக்கு அவன் போனான். வழியனுப்ப சயான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன்; போகாவிட்டால் பொறாமை என்பார்கள். அவனுடைய அம்மா வந்திருந்தார்.

"உங்க பாட்டில கொட்டிட்டாகளாமே தம்பி?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். "இவன் பாட்டில் மூடி லூசா இருந்திச்சு. எறும்பு போயிருமோன்னு பழைய சேலையக் கிழிச்சு வாயக் கட்டி, அடுக்களையில உப்பு ஜாடி பக்கத்துல வச்சிருந்தேன். என்னத்துக்குன்னு எனக்கென்ன தெரியும்? பிள்ள கொண்டாந்தது."

வண்டி வந்தது, அவன் ஏறிக்கொண்டான். அம்பர்நாத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று அன்றைக்கே விட்டுவிட்டேன். அந்தச் சேலைத் துண்டை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.