‘ரெண்டாவது கியர்’ ஆல்பத்துக்கு ஒரு தாமதமான பதில்

நார்வேக்கு வந்து பதினோரு வருடத்தில் இரண்டு கார் மாற்றிவிட்டேன். இரண்டிலும் ஹாரன் வேலை செய்ததா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். இங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை; அடித்தால் திட்டுகிறோம் என்று அர்த்தம். போன வசந்தத்தில் மலைமேலுள்ள ஒரு நீர்மின் நிலையத்துக்கு வேலையாகப் போய்க்கொண்டிருந்தோம். வண்டி ஓட்டியது நான், பக்கத்தில் என்னோடு வேலை பார்க்கும் இங்கர். ஒரு கொண்டை ஊசி வளைவு வந்ததும் என் கை தானாகப் போய் ஹாரனை அழுத்திவிட்டது. இங்கர் காபியைத் தொடையில் கொட்டிக்கொண்டாள்.

“யார் மேல் கோபம்?” என்றாள்.

“கோபமில்லை. நான் வருகிறேன் என்று சொன்னேன்.”

“யாரிடம்?”

“எதிரே வருபவரிடம்.”

“அங்கே யாருமே இல்லையே!”

நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் எழுபது வளைவு. ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்துவிட்டுக் காது கொடுக்க வேண்டும். பதில் ஹாரன் வந்தால், இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இங்கரிடம் இதைச் சொன்னபோது, எழுபது என்றதுமே நான் அளக்கிறேன் என்று முடிவுகட்டிவிட்டாள். திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அடிப்பது, காத்திருப்பது, போவது. இதை நான் ரோட்டில் மட்டுமல்ல, ஒரு பாட்டிலும் கேட்டிருக்கிறேன்.

பொன்னுசாமி கல்லூரி ஹாஸ்டலில் என் அறைத்தோழன். மலைக்காரன், மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். எனக்கு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி. அவன் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்துப் பாடுவான், நான் டிரம்ஸ். கடைசி வருடம் சேலத்தில் ஒரு மாடி அறையில் எட்டுப் பாட்டுகளைப் பதிவுசெய்து ‘ரெண்டாவது கியர்’ என்று ஒரு ராக் ஆல்பம் போட்டோம். மலை ஏறுகிற பஸ்ஸுக்கு அதுதான் கியர் என்பதால் அந்தப் பெயர். அவன் பாட்டுகளில் கிட்டார் ஒரு வரி வாசித்துவிட்டு நின்றுவிடும். நாலு எண்ணுகிற நேரம், சில இடங்களில் எட்டு, ஒன்றுமே கேட்காது. காலி இடத்தைப் பார்த்தால் டிரம்ஸ்காரனுக்குக் கை அரிக்கும். அவன் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் பார்த்து, மூன்று பாட்டுகளில் அந்த இடைவெளிகளையெல்லாம் நான் டிரம்ஸால் அடைத்துவிட்டேன். வந்து கேட்டவன், “செரி, உடு” என்று மட்டும் சொன்னான்.

ஆல்பம் விலைபோகவில்லை. இணையத்தில் ஒரே ஒருவர் எழுதினார், நான் அடைக்காமல் விட்ட ஐந்து பாட்டுகளிலும் சிடி சிக்கிக்கொண்டதோ என்று சந்தேகமாக இருக்கிறதாம். அதை ஹாஸ்டல் சாப்பாட்டு அறையில் ஒருவன் உரக்கப் படித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போதாததற்கு, “நாந்தான் அப்பவே நெனச்சேன்” என்று வேறு சொன்னேன். பொன்னுசாமி தட்டைக் கழுவிவிட்டுப் போனான். படிப்பு முடிந்ததும் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு மலை ஏறியவன் அப்புறம் அதைத் தொடவில்லை என்று கேள்வி. நான் விமானம் ஏறிவிட்டேன். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பிக்கொள்வோம். ஆல்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

இங்கரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, அத்தனை வருடம் கழித்து எட்டுப் பாட்டுகளையும் கேட்டேன். நான் அடைக்காத ஐந்தும் அற்புதம். கிட்டார் கூப்பிடுகிறது, காத்திருக்கிறது, யாரோ தாண்டிப் போன பிறகு மெல்ல நகர்கிறது. கடைசிப் பாட்டின் நீண்ட மௌனத்தில் சேலத்து மின்விசிறிகூடக் கேட்கிறது. நான் அடைத்த மூன்று பாட்டுகளோ, வளைவில் காது கொடுக்காமல் வண்டியை விடுகிறவனின் அவசரம். வெட்கமாக இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து இதற்கு ஈடாக ஒரு ராக் ஆல்பம் நான் கேட்டதில்லை. அதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, கெடுத்தவனே நான்தானே.

ஜூலை விடுமுறையில் ஊருக்குப் போனேன். சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பொன்னுசாமியே பிக்கப் வண்டியோடு வந்திருந்தான். தலையில் பாதி நரை.

“ஏறு மாப்ள. நார்வேல சோறு போடறாங்களா இல்லியா? இப்படி எளச்சுட்ட.”

விமானத்தில் ஒத்திகை பார்த்த மன்னிப்பு வாயிலேயே நின்றது. வளைவுகள் தொடங்கின. ஹாரன் அடிப்பான், தலையைச் சன்னல் பக்கம் சாய்ப்பான், அப்புறம்தான் போவான். சங்கடத்தில் என் விரல்கள் டேஷ்போர்டில் தாளம் போட ஆரம்பித்தன.

“அடிக்காத மாப்ள. எதிர்ல வாரது கேக்க மாட்டேங்குது.”

காபி கொட்டியதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

“இதக் கண்டுபுடிக்க நார்வே போகோணுமாக்கும்?” என்று சிரித்தான்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லடா?”

“எத்தன தடவ எங்கூட இதே ரோட்ல வந்திருக்கற! உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

அடுத்த இரண்டு வளைவுகளையும் தாண்டிய பிறகு சொன்னான்.

“நீ அடிச்சதுகூடப் பரவால்ல மாப்ள. அன்னிக்கு அவங்களோட சேந்து சிரிச்சயே, அதான்.”

“தப்புத்தான்டா.”

அவன் ஹாரனை அழுத்தினான். மேலிருந்து பதில் வந்தது. இறங்கி வந்த லாரி எங்களுக்காக ஒதுங்கி நின்றது. கிட்டார் எங்கே என்று கேட்டேன்.

“பரண்ல கெடக்குது. கம்பியெல்லாம் துருப்புடிச்சிருக்கும்.”

அவன் வீட்டில் இருந்த இரண்டு நாளும் பரண் பக்கமே அவன் போகவில்லை. இனி வாசிப்பாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கிற உரிமையைச் சிரித்த அன்றே தொலைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

போன வாரம் நானும் இங்கரும் அதே மின் நிலையத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். கைபேசியில் பொன்னுசாமியிடமிருந்து ஒரு ஒலிப்பதிவு வந்தது, எழுத்தாக ஒன்றுமில்லை. வளைவுக்கு முன்னால் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் போட்டேன். புதுக் கம்பி. கிட்டார் ஒரே ஒரு வரி வாசித்துவிட்டு நின்றது. என் விரல்கள் ஸ்டியரிங்கின் மேல் எழுந்தன. அவற்றை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பதிவின் அந்த மௌனத்தில், எங்கோ தொலைவில், கொல்லிமலை ஏறும் லாரி ஒன்றின் ஹாரன் கேட்டது.

“முடிந்துவிட்டதா? போகலாமா?” என்றாள் இங்கர்.

“கொஞ்சம் இரு,” என்றேன். “கீழேயிருந்து ஒரு வண்டி வருகிறது.”

இங்கர் கண்ணாடியை இறக்கி, காலியாகக் கிடந்த சாலையை எட்டிப் பார்த்தாள்.