ஜெபமணி போடாத ஆர்டர்

செய்தி வந்தபோது நான் ஒரு ஹெட்லைட் தகராறில் இருந்தேன். கழுகுமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர், நாங்கள் கொடுத்த விளக்கில் இரண்டே நாளில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அட்டைப்பெட்டியோடு நின்றிருந்தார். மாட்டியது யார், வெளி மெக்கானிக் மாட்டினால் வாரண்டி உண்டா என்று பேச்சு நீண்டுகொண்டிருந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எங்கள் கார் ஷோரூமில் வேலை பார்த்தவர்களும் பார்ப்பவர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஜெபமணி அண்ணாச்சியின் படம் வந்திருந்தது. நீலச் சட்டை, காதில் செருகிய பென்சில். கீழே, 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று இருந்தது.

விடியற்காலையில் நெஞ்சுவலி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். ஒருவர் பின் ஒருவராக இரங்கல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "தங்கமான மனுஷன். அந்த இடைசெவல் ஸ்டியரிங் விஷயத்துல மட்டும்தான் கொஞ்சம் அசந்துட்டாரு." அதற்கும் நாலைந்து பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும், கவுன்டரில் நின்று அவரோடு சண்டை போட்ட கோவில்பட்டி வட்டாரத்துக்காரர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஸ்டியரிங் விஷயத்தில் ஜெபமணி அசரவில்லை. அந்தத் தப்பைச் செய்தவன் நான். நாலு வருஷம் அது அவர் பெயரில் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஷோரூமில் பார்ட்ஸ் கவுன்டர் மாதிரி திட்டு வாங்குகிற இடம் வேறு கிடையாது. கார் விற்கிறவனுக்கு மாலை, பார்ட்ஸ்காரனுக்கு வசவு என்று நாங்களே சொல்லிச் சிரிப்போம். வேறு சாமான் வந்துவிட்டது என்பார்கள், இன்னும் வரவில்லை என்பார்கள், பெட்டிக்குள் இருப்பது கம்பெனி சாமான்தானா என்பார்கள். இத்தனைக்கும் நடுவில் ஜெபமணி இருபது வருஷம் நின்றார். நான் அதே கட்டடத்தில் சர்வீஸ் அட்வைசர். வண்டிக்காரர் சொல்வதைக் கேட்டு எழுதி, என்ன சாமான் வேண்டும் என்று அவரிடம் கொடுப்பது என் வேலை.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சாமானுக்கு ஆர்டர் போட்டாலும் வண்டியின் சேசிஸ் நம்பரை அவர் கையால் எடுக்க வேண்டும். தகட்டில் வெட்டியிருக்கும் நம்பர் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். எழுத்துகள் தாளில் எழும்பி வரும். அந்தத் தாளை ஆர்டரோடு பின் அடித்து ஃபைலில் வைப்பார். அது இல்லாமல் ஒரு ஆர்டரும் போகாது. கம்ப்யூட்டர் வந்த பிறகு இது எதற்கு என்று மேனேஜர்கள் மாறி மாறிக் கேட்டுப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை.

இதற்காகவே வாடிக்கையாளர்கள் சண்டை போடுவார்கள். எட்டயபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், சேசிஸ் நம்பரைத் தாளில் எழுதிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். ஜெபமணி, வண்டியைப் பார்க்காமல் முடியாது என்றார். "நாப்பது வருஷம் பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்தவன் நான். பதினேழு எழுத்தப் பாத்து எழுதத் தெரியாதா? என்னய நம்ப மாட்டீரா?" என்று வாத்தியார் குதித்தார். "உங்கள நம்புதேன் சார். நம்பரத்தான் நம்பல" என்றார் இவர். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவரே எட்டயபுரம் பஸ் ஏறிப் போய்ப் பென்சிலால் தேய்த்துக்கொண்டு வந்தார். வாத்தியார் B-ஐ எட்டு என்று எழுதியிருந்தார். அடுத்த முறை வந்தபோது, தானே தேய்த்து எடுத்த தாளோடு வந்து, பரீட்சைப் பேப்பர் நீட்டுகிற பையன் மாதிரி நின்றார்.

அவர் தப்பே செய்யாதவர் என்று சொல்ல வரவில்லை. மணியாச்சியிலிருந்து ஒரு ரயில்வேக்காரர் பின்பக்க விளக்கு கேட்டிருந்தார். வந்தது வலது பக்கத்து விளக்கு. "நான் இடதுன்னுதான சொன்னேன்" என்றார் அவர். "இல்ல சார், வலதுன்னீங்க" என்று ஜெபமணி அடித்துச் சொன்னார். கவுன்டரில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ரயில்வேக்காரர் முகம் சுண்டிப் போய்த் திரும்பினார். மறுநாள் ஜெபமணி தன் குறிப்பை எடுத்துப் பார்த்தால் இடது என்றுதான் இருக்கிறது. சரியான விளக்கை வரவழைத்து, மணியாச்சி ஸ்டேஷனுக்கே எடுத்துக்கொண்டு போய், அந்த ரயில்வேக்காரரோடு வேலை செய்கிறவர்கள் டீ குடிக்கிற நேரமாகப் பார்த்து, அத்தனை பேர் முன்னாலும் தப்பு தன்மேல் என்று சொல்லிவிட்டு வந்தார்.

"போன்ல சொன்னா போதாதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அவர மட்டந்தட்டுனது நாலு பேர் முன்னால வே. மன்னிப்ப மட்டும் காதுக்குள்ள போய்ச் சொல்லவா?" என்றார். நான் சிரித்தேன். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு ஆளா என்று கேலிதான் செய்தேன்.

இனி இடைசெவல் விஷயத்துக்கு வருகிறேன். ரங்கசாமி அங்கே பருத்தியும் உளுந்தும் போடுகிற சம்சாரி. பழைய கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் வண்டியின் ஸ்டியரிங் இறுகிவிட்டது. சொந்தக்காரர்கள் கரிசல் காட்டு ஊர்கள் பூராவும் சிதறிக் கிடக்கிறார்கள், பத்திரிகை வைக்க வண்டி வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மோட்டார் பைக்கில் என்னிடம் வந்தார். ஊர் மெக்கானிக் பார்த்ததில் பவர் ஸ்டியரிங் மோட்டார் போயிருந்தது. அவர் போனில் இருந்த ஆர்.சி. புக் படத்தில் சேசிஸ் நம்பர் மங்கலாக இருந்தது. "பார்ட்ஸ்ல சொல்லிப் போட்டுருதோம், நீங்க கெளம்புங்க" என்று அனுப்பிவிட்டேன்.

ஜெபமணி அன்று அரை நாள் லீவில் சாப்பாட்டு நேரத்திலேயே போயிருந்தார். கொழுந்தியா வீட்டில் நிச்சயதார்த்தம். நாலு மணிக்குள் ஆர்டர் போனால்தான் அந்த வார லாரியில் சாமான் ஏறும். அவர் கம்ப்யூட்டர் அவர் பெயரிலேயே திறந்து கிடந்தது. நான் உட்கார்ந்தேன். வண்டி பதிவான வருஷத்தைப் பார்த்து மோட்டாரைத் தேர்ந்தெடுத்து ஆர்டரைத் தட்டிவிட்டேன். ஒரு மனுஷனுக்கு உதவி செய்தோம் என்று எனக்கு அன்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். அந்த வண்டி செய்யப்பட்டது முந்தின வருஷக் கடைசியில். பதிவானது மறு வருஷத் தொடக்கத்தில். இடையில் கம்பெனி மோட்டாரின் சாக்கெட்டை மாற்றிவிட்டது. சேசிஸ் நம்பரைப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும். பதினோரு நாள் கழித்து வந்த மோட்டார் வண்டியில் உட்காரவில்லை. மின்சாரச் சாமானைக் கம்பெனி திரும்ப எடுக்காது. சரியானது வர இன்னும் இரண்டு வாரம் ஆகும். ரங்கசாமி கவுன்டர் முன்னால் நின்று கத்தினார். "பார்ட்ஸ்ல நல்ல மனுஷன் இருக்காருன்னு ஒம்ம நம்பித்தானய்யா வந்தேன். பொண்ணக் கெட்டிக்குடுக்கப் போறவன இப்பிடி நடுத்தெருவுல நிப்பாட்டிட்டீரே." ஜெபமணி ஒன்றும் புரியாமல் நின்றார்.

மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். திரையில் தேதியும் ஜெபமணி பெயரும் மட்டும் இருந்தன. "பென்சில் பேப்பர் எங்க?" என்று மேனேஜர் கேட்டார். ஜெபமணி ஃபைலை மூன்று தடவை புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் துளிகூட இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதை மறக்கத்தான் முடியவில்லை.

"மாரியப்பன், இத நீரு எங்கிட்ட குடுத்தீரா வே?"

எனக்கு அதற்கு முன் இரண்டு மெமோ வந்திருந்தது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். நல்ல பேர் எடுத்தவருக்கு ஒரு தப்பு தாங்கும், எனக்குத் தாங்காது என்று அந்த நொடியில் மனசு கணக்குப் போட்டது. "குடுத்தேன் அண்ணாச்சி. நீங்க கெளம்புத அவசரத்துல இருந்தீங்க" என்றேன்.

அவர் ஃபைலை மூடினார். "அப்ப நாந்தான் போட்டிருப்பேன்" என்றார்.

என்னை நம்பிவிட்டார். தன்னை நம்பவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் இடைசெவலுக்குப் போனார். அங்கே நடந்ததை, பின்னால் வண்டி எடுக்க வந்தபோது ரங்கசாமியே சொன்னார். "பந்தல்கால் நட்டுட்டு இருக்கோம். வந்து நின்னு, எல்லாருக்கும் கேக்க மாதிரி, தப்பு எம்மேலதான், உங்கள பஸ்ல அலைய விட்டுட்டேன், மன்னிச்சிக்கிடுங்கன்னாரு. நான் என்னத்தச் சொல்ல? சாப்பிட்டுப் போங்கன்னேன்." நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நீங்கள் பார்த்த ஜெபமணி வேறு ஆள். ஒரு ஆர்டரை நாலு தடவை சரிபார்த்தார். பூட்டிய அலமாரியைத் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தார். சின்ன நோட்டு ஒன்று வாங்கி யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொண்டார். தாமதமாகிறது என்று கவுன்டரில் புதுச் சண்டைகள் வந்தன. முன்பு எந்தச் சண்டைக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறவர், இப்போது யாராவது குரலை உயர்த்தினால் உடனே, "எம்மேலதான் இருக்கும் சார்" என்றார். ஒரு நாள் தானாகவே மேனேஜரிடம் போய், தன்னைக் கவுன்டரிலிருந்து எடுத்து, பின்னால் சாமான் அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் போடச் சொன்னார்.

"எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"மண்டையில எதுவும் நிக்க மாட்டேங்கு வே. இன்னொருத்தர் வண்டிய நிப்பாட்டிரக் கூடாதுல்லா."

அப்போது நான் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "வயசாகுதுல்ல அண்ணாச்சி" என்றேன். அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு.

ஏழாம் நாள் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் போன பிறகு, அண்ணாச்சியின் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, தனியாக வாடகை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் கூட நின்று அடுக்கினேன். "கடைசி வரைக்கும் மறதி மறதின்னு ஒரே பயம் அவியளுக்கு" என்றார்கள். "பாளையங்கோட்டையில டாக்டர்ட்ட போயித் தலைய ஸ்கேன் எடுத்துப் பாத்தோம். ஒண்ணுமில்லன்னுட்டாரு. இவியதான் நம்பல. நான் எப்பிடி அந்தப் பேப்பர வைக்காம விட்டேன், எப்பிடி விட்டேன்னு சாப்பிடும்போதுகூடக் கேப்பாவ."

கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை மதியம், திறந்து கிடந்த கம்ப்யூட்டர், மேனேஜர் அறையில் நான் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. மதினி அழுவார்கள் அல்லது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை. நான் கீழே வைத்த நாற்காலியை எடுத்து அடுக்கின்மேல் வைத்தார்கள்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய தம்பி? நான் ஒரு நாளும் அவியளச் சந்தேகப்பட்டதில்ல. சந்தேகப்பட்டவியகிட்டப் போயிச் சொல்லுங்க."

மறுநாள் இடைசெவல் போனேன். ரங்கசாமி தம்பியோடு சேர்ந்து உளுந்தம்பயறுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். பிறகு தம்பியிடம் அவர்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கில் ஏதோ சொன்னார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் மறுபடி மருந்து அடிக்கப் போய்விட்டார்கள். நான் வரப்பு வழியாகவே பஸ்ஸுக்குத் திரும்பினேன்.

மேனேஜரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன செய்வார்களோ செய்யட்டும். கழுகுமலைக்காரரின் ஹெட்லைட்டுக்கு வேறு விளக்கு வரவழைத்துக் கொடுத்தாயிற்று. அந்தத் தகராறில் தப்பு எங்கள் பக்கம்தான் இருந்தது. அவரிடம் அதைக் கவுன்டரில் வைத்தே சொன்னேன். அதில் பெருமைப்பட எனக்கு ஒன்றுமில்லை.

ஜெபமணி அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். 'அப்ப நாந்தான் போட்டிருப்பேன்.' இன்னொருவன் பொய் சொல்வான் என்று நினைக்கத் தெரியாத மனுஷன் பேசிய பேச்சு அது. எனக்கு வேலை பார்க்கக் கையும் காலும் இருக்கிற வரைக்கும் அது என்னோடு இருக்கும்.

மதினி சொன்னபடி, அவரைச் சந்தேகப்பட்ட உங்கள் எல்லோருக்கும் இதோ சொல்லிவிட்டேன். ஆனால் எல்லோரையும்விட அதிகமாக அவரைச் சந்தேகப்பட்டவர் அவரேதான். அவரிடம் சொல்ல எனக்கு நாலு வருஷம் இருந்தது.