யார் இந்த மீனாம்பாள்?

போன புதன்கிழமை நான் வசமாக மாட்டிக்கொண்டேன். அதுவும் என் மாமியாரிடம். அவர் காலமாகி ஒரு வருடம் ஆகிறது என்பதுதான் விஷயமே!

தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அத்தை கடைசி வரை அங்கேதான் இருந்தார். முதலாம் ஆண்டு நினைவு நாளில் ஊருக்கே சாப்பாடு போட வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. "வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்துருவோம்" என்றார். நான் விட்டேனா? "எந்தக் காலத்துல இருக்கீங்க? பஸ் ஸ்டாப்புல பெருசா ஒரு ஃப்ளெக்ஸ் வெச்சாப் போதும்" என்றேன்.

எனக்கு இன்னொரு வைராக்கியமும் இருந்தது. வாழ்க்கைப்பட்டு வந்து ஐம்பது வருஷம் அந்த ஊரில் இருந்தவரை ஒருவர்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘வெஞ்சனக்காரம்மா’. எங்கள் பக்கம் வெஞ்சனம் என்றால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பொரியல், கூட்டு, துவையல்... யாரைப் பார்த்தாலும் "இன்னிக்கு என்ன வெஞ்சனம்?" என்பார். "வெறும் ரசந்தான்" என்று பதில் வந்தால் தீர்ந்தது — செத்த நேரத்தில் அந்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் போய்விடும். தனக்கு மிச்சம் இருக்கிறதா என்று அவர் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வரும். காலம் முழுக்க அடுப்படியில் நின்றவருக்கு ஒரு பெயர்கூடவா இருக்கக் கூடாது?

ஆக, கொட்டை எழுத்தில் ‘மீனாம்பாள் அம்மாள்’ என்று போடச் சொன்னேன்; கீழே எங்கள் பெயரெல்லாம் வேண்டாம் என்றுவிட்டேன். திண்டுக்கல்லில் டிசைன் செய்தவர் ஆதார் போட்டோவை வாங்கி, நிறத்தைக் கூட்டி, கழுத்தில் காசுமாலை, காதில் வைரத்தோடு எல்லாம் மாட்டிவிட்டார். அத்தை ஜம்மென்று இருந்தார்.

புதன்கிழமை. வெளியூரிலிருந்து நேராகச் சமுதாயக்கூடத்தில் போய் இறங்கினோம். சமையல் ரெடி. மணி பன்னிரண்டு... ஒன்று... சொந்தக்காரர்கள் பத்துப் பேரைத் தவிர ஒரு ஆள் வரவில்லை. வாசலுக்கும் சோற்று அண்டாவுக்குமாக நடந்த என் கணவர், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊருக்கே ஆக்கிப் போட்டுச்சு எங்கம்மா. அதுக்கு நாலு பேரு வரலியே" என்றார். எனக்கு அழுகை முட்டியது. ஒரே வருஷத்தில் மறந்துவிடுவார்களா மனுஷர்கள்?

தாங்க முடியாமல் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அத்தையின் பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு அக்கா, போர்டுக்குக் கீழேயே பஸ்ஸுக்காக நின்றிருந்தார்.

"ஏத்தா, நீ எப்ப வந்த?"

"விசேஷத்துக்கு வராம எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"என்ன விசேஷம்?"

மேலே கை காட்டினேன்.

"இந்தம்மாவா? எந்தப் பெரிய வீட்டம்மாவோ, நமக்கென்னன்னுல்ல இருந்தோம். உனக்கு இவுக என்ன வேணும்?"

"என் மாமியார்க்கா."

அக்கா அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அடிப்பாவி... வெஞ்சனக்காரம்மான்னு போட வேண்டியதுதான?"

படித்தவள் செய்த வேலையைப் பார்த்தீர்களா? ஓடிப்போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் சமுதாயக்கூடத்து மைக்கைப் பிடித்தார். "நம்ம வெஞ்சனக்காரம்மாவுக்கு இன்னிக்கு மொத வருசம். எல்லாரும் சாப்பிட வாங்க." அவ்வளவுதான் சொன்னார்.

வந்தார்கள்! தெருத் தெருவாக வந்தார்கள். ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. கையில் அத்தை வீட்டு எவர்சில்வர் கிண்ணங்கள்! வெஞ்சனம் வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது ஊர்ப் பழக்கம். அப்புறம் தரலாம், அப்புறம் தரலாம் என்று அங்கங்கே தங்கிவிட்டவை, அவரைக்காய்ப் பொரியலும் கீரை மசியலும் தேங்காய்த் துவையலுமாக நிரம்பி வந்தன.

தங்கப்பொண்ணு அக்காவின் கிண்ணத்தை வாங்கிப் பார்த்தேன். விளிம்பில் பொடி எழுத்தில் வெட்டியிருந்தது — மீனாம்பாள்.

"அக்கா, இதுல பேரு இருக்கே!"

"அதா? பாத்திரக் கடைக்காரக பேருன்னுல்ல இம்புட்டு நாளா நெனச்சோம்."

என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார். நான் என்ன பெரிதாக அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பது? அது பல வருஷமாக ஊரில் பாதி அடுப்படியில் இருந்திருக்கிறது. அந்தப் போர்டை அன்றைக்கே கழற்றச் சொல்லிவிட்டேன்.

அப்புறம், பந்தியில் சாம்பார் ஏகத்துக்கு மிஞ்சியது. வெஞ்சனம் வைக்கத்தான் இலையில் இடமில்லை!